ஃபாஸ்ட்லி என்று ஒரு வார்த்தை இல்லையாம்

கூடப் படித்தவங்களே, பள்ளிக்கூட மலருக்கு நானும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். நான் உங்களோடு ஆறாம் வகுப்பில் கால்வாசிவரை படித்தவன். மீதியை நீங்கள் படித்தீர்கள். பாங்கு, போலீஸ், பட்டாளம் என்று போனீர்கள், இப்போது பென்சன் வாங்குகிறீர்கள். நான் குற்றாலத்தில் இரண்டு லாட்ஜ் வைத்திருக்கிறேன். ஒன்பது வேன் ஓடுகிறது. உங்களில் எத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு என் வேன் வந்தது என்று நீங்களே எண்ணிப் பார்த்துக்கிடுங்க. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பதினைந்து நாளாக ஒரு எரிச்சல் நெஞ்சில் நிற்கிறது, அதை இறக்கி வைக்காமல் எனக்கு வேறு எதுவும் எழுத வராது.

லாட்ஜில் பெங்களூர்க்காரர்கள் தங்கியிருந்தார்கள். ஐந்தருவிக்குப் போக வேன் வாசலில் நிற்கிறது, அவர்கள் படியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நான், "கம் ஃபாஸ்ட்லி, வேன் இஸ் வெயிட்டிங்" என்றேன். எல்லாரும் ஓடி வந்து ஏறினார்கள். அவர்களுக்குப் புரிந்ததா இல்லையா? புரிந்தது. ஆனால் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிற அச்சன்புதூர்ப் பிள்ளை, பி.ஏ. படித்தது, வாயைப் பொத்திக்கொண்டு சொல்கிறது: "அண்ணாச்சி, ஃபாஸ்ட்லின்னு ஒரு வார்த்தை இல்ல. ஃபாஸ்ட்னாலே போதும்."

"ஏம்ளா இல்ல?"

"இல்ல அண்ணாச்சி. அது அப்படித்தான்."

நான் உள்ளே போய்விட்டேன். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை மேல் கோபம் இல்லை. 'இல்ல, அது அப்படித்தான்' என்ற அந்தச் சொல் மேல்தான் கோபம். அதே சொல்லை நான் சின்ன வயதில் கை நீட்டி வாங்கியிருக்கிறேன்.

இந்த இங்கிலீஷில் வேகத்தைச் சொல்லுகிற வார்த்தைகளைப் போல ஏமாற்று எதுவும் கிடையாது. ஸ்டேஷனில் ரயில் 'ஷார்ட்லி' வரும் என்று ஒலிபெருக்கியில் ஒரு அம்மா சொல்லும். அதைக் கேட்டுவிட்டு ஆற அமர இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம். 'இமீடியட்லி' வருகிறேன் என்று சொன்ன ஏ.சி. மெக்கானிக் இன்னும் வரவில்லை. நாமோ அந்தக் காலத்தில் இந்த வார்த்தைகளைப் பொன் மாதிரி மனப்பாடம் செய்தோம். அந்த ஒரு சாரல் காலத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த வாரமே சாரல் இறங்கிவிட்டது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெயிலும் அடிக்கும், தூறலும் விழும், மேற்கே கணவாயிலிருந்து வருகிற காற்று புத்தகத்தைத் தானே புரட்டும். வகுப்பில் எல்லார் சட்டையும் பாதி ஈரம். அத்தனை ஈரச் சட்டையும் ஒரே அறையில் காயும்போது ஒரு வாடை வருமே, அதோடு சாக்பீஸ் தூளும் சேர்ந்தால் அதுதான் எனக்கு இன்றைக்கும் படிப்பின் வாசனை. என் சட்டையில் மட்டும் கூடுதலாகக் குதிரை வாடை. உங்களில் சிலர் மூக்கைப் பிடித்தது எனக்குத் தெரியும். அதை நான் மறக்கவில்லை. ஆனால் மன்னித்துவிட்டேன், வேன்காரன் பெரிய மனசுக்காரன்.

எங்க அய்யா குதிரை வண்டி ஓட்டினார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்கு ஆள் ஏற்றுவார். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மேலே சமுக்காளம் விரித்திருக்கும், பக்கத்தில் ஒரு பித்தளை விளக்கு தொங்கும். அந்த விளக்கு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ விளக்கு வாங்கி லாட்ஜில் மாட்டியிருக்கிறேன், அந்த மாதிரி ஒன்று கிடைக்கவில்லை.

குதிரை செவலை நிறம். நல்ல குதிரைதான், ஆனால் பஸ் ஹாரன் கேட்டால் மிரளும். பஸ் பக்கத்தில் வந்தால் யாராவது இறங்கி அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அய்யாவுக்கு முழங்கால் வீக்கம். இறங்கி ஏற முடியாமல் ஒவ்வொரு தடவையும் முனகுவார்.

அய்யாவுக்கு இரண்டே இரண்டு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். ஸ்டேஷன் வாசலில் இறங்குகிற ஆட்களிடம், "ஸ்லோவா, ஃபாஸ்டா சாமி?" என்று கேட்பார். பிள்ளைத்தாய்ச்சியும் வயசாளிகளும் இருந்தால் ஸ்லோ. அருவியில் குளித்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் பறக்கிறவர்கள் என்றால் ஃபாஸ்ட். அவர்கள் சொன்னதைக் குதிரைக்கு அய்யா தமிழில் சொல்லுவார். ஸ்லோ என்றால், "பைய, பைய." ஃபாஸ்ட் என்றால், "வெரசா போ தாயி." குதிரை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். ஏறினவர்களுக்குத் தாங்கள் கேட்டது கிடைத்துவிட்ட திருப்தி.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு சாயங்காலம், முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அய்யா அம்மாவிடம் சொன்னார். "இவன் வண்டிக்கு வந்தா எனக்கு ஏறி எறங்குத பாடு கொறையும்."

அம்மா அடுப்பங்கரையிலிருந்தே பதில் சொன்னாள். "அவன் நாற்காலியில உக்காந்து வேலை பாக்கட்டும். நீங்க ஒருத்தர் குதிரைக்குப் பின்னால போனது போதும்."

"நாற்காலியில உக்காந்திருக்கவன்லாம் இங்கிலீசு பேசுதான். இவனுக்கு வருமா?"

"வரும்" என்று நானே சொன்னேன்.

அய்யா எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். "சரிலே. காப்பரீட்சை வரைக்கும் பாப்பேன். இங்கிலீசுல தேறுனேன்னா படி. தேறலேன்னா மறு நாளே வந்து கயித்தப் புடி. பேச்சு மாறக் கூடாது."

காலாண்டுப் பரீட்சையைத்தான் காப்பரீட்சை என்போம். கணக்கு, தமிழ், சரித்திரம் எதுவும் அய்யாவுக்குப் பொருட்டில்லை. இங்கிலீஷ் ஒன்றுதான் தராசு. எனக்குப் படிக்க வேண்டும் என்று அத்தனை ஆசை. ஸ்டேஷன் மாஸ்டர் ஆக வேண்டும், வெள்ளைக் கால்சட்டை போட வேண்டும், பச்சைக் கொடி காட்ட வேண்டும். ஒரு சாரலுக்குள் நான் இங்கிலீஷைப் பிடித்தாக வேண்டும்.

நம் இங்கிலீஷ் சாரை நீங்கள் எல்லாரும் புகழ்ந்துதான் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஒல்லியான மனுஷர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸ், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். அவர்தான் நமக்கு அந்தச் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார். "தமிழ்ல 'ஆக' வந்தா இங்கிலீஷ்ல 'லி' வரும். மெதுவாக, ஸ்லோலி. அழகாக, பியூட்டிஃபுல்லி. விரைவாக, குயிக்லி. இத வச்சுக்கிட்டா ஜென்மத்துக்கும் தப்பு வராது."

எவ்வளவு அழகான சூத்திரம்! நீங்கள் எல்லாம் எழுதிக்கொண்டீர்கள். நான் விழுங்கிவிட்டேன். வண்டிப் பட்டறையில் ஒரு அச்சு போட்டால் எல்லாச் சக்கரத்துக்கும் பொருந்துமே, அப்படி. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கண்ணில் பட்டதற்கெல்லாம் 'லி' போட்டேன்.

மறு நாள் சார் கரும்பலகையில் எழுதினார். "அடைப்புக்குள்ள ஃபாஸ்ட்னு இருக்கு. 'குதிரை வேகமாக ஓடுகிறது.' எவன் சொல்லுவான்?"

குதிரை என்று வந்த பிறகு வேறு எவன் சொல்லுவான்? எழுந்து நின்றேன். "தி ஹார்ஸ் ரன்ஸ் ஃபாஸ்ட்லி, சார்."

"கைய நீட்டு."

"ஏன் சார்? வேகமாக. 'ஆக' இருக்குல்லா?"

"ஃபாஸ்ட்லின்னு ஒரு வார்த்தை கெடையாதுலே."

"குயிக்லி இருக்கு, ஸ்லோலி இருக்கு, ஃபாஸ்ட்லி மட்டும் ஏன் சார் இல்ல?"

"இல்ல. அது அப்படித்தான்."

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "நேத்து நீங்களே 'ஃபாஸ்டா எழுதுங்கலே'ன்னு சொன்னீங்களே சார். ஃபாஸ்ட் இருக்கு, பின்னால 'ஆ' இருக்கு. அப்ப அதுவும் 'ஆக'தானே?"

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து எனக்கு இரண்டு அடி விழுந்தது. இந்த வயதில் எனக்குத் தோன்றுவது என்னவென்றால், சாருக்கும் காரணம் தெரியவில்லை. 'எனக்கும் தெரியலலே, இங்கிலீஷ்காரன் அப்படி வச்சிருக்கான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தெரியாததை ஒத்துக்கொள்ள அவருக்கு நாக்கு வரவில்லை, பிரம்பு வந்தது.

சரி, இந்த வேக வார்த்தைகளுக்கு 'லி' கிடையாது போல என்று எடுத்துக்கொண்டேன். அதற்குச் சாட்சியும் கிடைத்தது. குற்றாலம் ரோட்டில் பாலத்துக்கு முன்னால் 'கோ ஸ்லோ' என்று அரசாங்கமே போர்டு வைத்திருந்தது. ஸ்லோலி என்று இல்லை, வெறும் ஸ்லோ. இரண்டு நாள் கழித்து சார் 'மெதுவாக நடந்தான்' என்பதைக் கேட்டபோது, "ஹி வாக்டு ஸ்லோ" என்றேன்.

"லி எங்கலே?"

"பாலத்துப் போர்டுல லி இல்ல சார்."

"போர்டு எழுதுனவன் உனக்கு வாத்தியாரா? கைய நீட்டு."

போட்டால் அடி, போடாவிட்டாலும் அடி. சொல்லுங்கள், நான் என்ன பண்ணட்டும்? இப்போது என் லாட்ஜில் தங்கின ஒரு காலேஜ் புரொபசர் சொல்கிறார், ஸ்லோ என்பதை அப்படியே சொன்னாலும் சரிதானாம், போர்டு சரிதானாம். இவ்வளவு வருஷம் கழித்து அது சரியாக இருந்து எனக்கு என்ன?

அந்தச் சாரலில்தான் ஸ்டேஷன் வாசலில் டாக்சிகள் வந்து நின்றன. கறுப்பு வண்டி, மஞ்சள் கூரை, முன்னால் இங்கிலீஷ் எழுத்து. ரயில் விட்டு இறங்குகிறவர்கள் நேரே அங்கே போனார்கள். அய்யா ஒரு தகரப் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏலே, நம்ம வண்டிக்குப் பின்னாலயும் இங்கிலீசு எழுதணும். இந்தக் குதிரை ஒரு மூச்சா ஓடும்னு எழுது."

ஃபாஸ்ட்லி என்று எழுதினால் இல்லை என்கிறார்கள். வெறும் ஃபாஸ்ட் என்று எழுத மனசு ஒப்பவில்லை, ஒரு கால் நொண்டி மாதிரி நிற்கிறது. வக்கீல் மகனிடம் அகராதி இருந்தது. வக்கீல் மகனே, இந்த மலரைப் படித்தால் உனக்கு ஞாபகம் வரும், ஒரு கைப்பிடி நாவல்பழத்துக்கு நீ அதை எனக்குத் திறந்து காட்டினாய். ஃபாஸ்ட்லியைத் தேடினேன், நெசமாகவே இல்லை. வேகமாக இல்லாவிட்டால் கடுமையாக ஓடட்டும் என்று, பிறகு ஹார்ட்லியைத் தேடினேன். இருந்தது! ஹார்ட் என்றால் கடுமையான. சார் சொல்லிக் கொடுத்தது. அப்படியென்றால் ஹார்ட்லி என்றால் கடுமையாக. அகராதியிலேயே அச்சடித்திருக்கிறான், இனி எவன் அடிப்பான்? பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷிலேயே அர்த்தம் போட்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தால் நான் ஏன் அகராதியைத் தேடி வருகிறேன்?

வெள்ளைப் பெயிண்டில், கோடு போட்டு, ஒரு எழுத்தும் சாயாமல் எழுதினேன். 'திஸ் ஹார்ஸ் ரன்ஸ் ஹார்ட்லி.' என் கையெழுத்துக்கு இன்றைக்கும் எந்த பி.ஏ.வும் பக்கத்தில் வர முடியாது. பெயிண்ட் காயச் சாரல் விடவில்லை. அம்மா அடுப்புச் சூட்டில் காட்டிக் காட்டிக் காயவைத்தாள். அய்யா அதை வண்டிக்குப் பின்னால் கம்பி போட்டுக் கட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வண்டியைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "பாத்தியாலே, எல்லாவனுக்கும் சந்தோசத்தப் பாரு" என்றார் அய்யா. மூன்றாம் நாள் ஒரு ஆள் வண்டிக்குப் பின்னால் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மதுரைப் பக்கத்துக்காரர். குற்றாலத்தில் பங்களா எடுத்து மனைவியோடு தங்கியிருந்தவர்.

"ஏங்க, இதுல எழுதியிருக்கது நிஜமா?" என்று அய்யாவிடம் கேட்டார்.

"சத்தியமான வார்த்தை சாமி. எம்மவன் எழுதுனது."

"அப்ப இந்த வண்டிதான் எங்களுக்கு வேணும். வீட்டம்மாவுக்கு கால் கட்டுப் பிரிச்சு பத்து நாளாச்சு. எண்ணெய் போட்டு அருவியில குளிக்கணும்னு வைத்தியர் சொல்லியிருக்காரு. டாக்சிக்காரன் குலுக்கி எடுக்கான். நாங்க இங்க இருக்க வரைக்கும் தினமும் காலையில வந்துருங்க."

வீட்டில் அய்யா அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "கேட்டியாட்டீ? இவன் எழுதுன ஒரு வரிக்கு சீசன் பூரா சவாரி. டாக்சிய விட்டுட்டு நம்ம வண்டிய வந்து கேக்காரு. இவன் படிக்கட்டும். எம்புட்டு வேணும்னாலும் படிக்கட்டும்." அம்மா என் தட்டில் அப்பளத்தைப் போட்டாள். வாழ்க்கையில் எத்தனையோ சால்வை போர்த்தியிருக்கிறார்கள் எனக்கு. அந்த அப்பளத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

ஏறக்குறைய ஒரு மாதம் அப்படியே போனது. அய்யா வைக்கோலை இரட்டிப்பாகப் பரப்பி, "பைய, பைய" என்று செவலையைக் கெஞ்சிக் கெஞ்சி அந்த அம்மாளைக் கூட்டிப் போய் வந்தார். விடுமுறை நாளில் நானும் போவேன். அருவிக்கரை முழுக்க எண்ணெய் வாடை, பழக்கடையில் மங்குஸ்தான் ஓட்டின் சாயம். அந்த அம்மாள் குளித்துவிட்டு வந்து, "நாளைக்கு இன்னும் ரெண்டு எட்டு நடப்பேன் பாரு" என்று என்னிடம் சொல்லுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் குளித்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். தோளில் துண்டோடு நம் இங்கிலீஷ் சார் வந்தார். கூட அவர் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். பலகையைப் பார்த்தார். நின்றார்.

"யாருலே இத எழுதுனது?"

அய்யா வண்டியிலிருந்து கஷ்டப்பட்டு இறங்கிக் கும்பிட்டார். "இவந்தான் சார்வாள். நீங்க சொல்லிக் குடுத்த பிள்ளைதான்."

சார் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "வேய், உம்ம குதிரை ஓடவே ஓடாதுன்னுல்லா எழுதி வச்சிருக்கான்! இதத்தான் ஊரு பூரா காட்டிக்கிட்டுத் திரியுதீரா?"

அய்யாவின் கும்பிட்ட கை இறங்கவில்லை. "அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் சார்வாள்?"

"ஹார்ட்லியா? இல்லன்னு அர்த்தம். இல்லவே இல்லன்னு வச்சுக்கோரும்."

வண்டிக்குள்ளிருந்து அந்த அம்மாள் சமாதானம் சொல்ல வந்தார். "விடுங்கய்யா. அதப் படிச்சுட்டுத்தான நாங்க இந்த வண்டிய விரும்பி ஏறுனோம்." பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார். அய்யாவுக்கு அது வெந்த புண்ணில் விழுந்தது. ஒரு மாதமாகத் தன் குதிரையைக் கேலி பண்ணித்தான் ஏறியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

பலகையை இழுத்தார், கம்பி அறுந்தது. அதை வாய்க்காலில் எறிந்தார். ஏறி உட்கார்ந்து, நான் அதுவரை பார்த்திராத மாதிரி சாட்டையை வீசினார். செவலை பாய்ந்தது. நான் பின்படியைப் பிடித்துத் தொங்கினேன்.

"ஸ்லோ! ஸ்லோ!" என்று பங்களாக்காரர் கத்தினார்.

"இப்ப ஓடுதா சாமி? சொல்லுங்க, ஓடுதா?"

"ஐயோ, காலு!" என்று அந்த அம்மாள் அழுதார். பங்களா வாசலில் வண்டி நின்றபோது அவரை இரண்டு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. மறு நாள் காலையில் அந்த வாசலில் டாக்சி நின்றது.

ஓடாத குதிரை என்று எழுதியிருந்தவரை எங்களுக்குச் சவாரி இருந்தது. ஓடும் என்று காட்டிய அன்றே போய்விட்டது. இதை அய்யாவிடம் யார் சொல்வது? சாராவது அன்றைக்கு ஒரு சிரிப்போடு கடந்து போயிருக்கலாம். திங்கட்கிழமை தனியாகக் கூப்பிட்டு எனக்கு நாலு அடி கொடுத்திருக்கலாம், வாங்கியிருப்பேன்.

அய்யா என்னை அடிக்கவில்லை. அதைவிட மோசமாக, அந்த வார்த்தையைத் தன் மூன்றாவது இங்கிலீஷாக எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "இன்னைக்குச் சவாரி ஹார்ட்லி" என்பார். பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னட்டீ, கொழம்பு ஹார்ட்லியா?" என்பார். சிரிக்காமல் சொல்லுவார். அம்மாவும் என்னைப் பார்க்காமல் இருப்பாள்.

"காப்பரீட்சை வரைக்கும்னு சொன்னீங்க. பேச்சு மாறக் கூடாது" என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். அய்யா, "மாறல. எழுதட்டும்" என்றார்.

எழுதினேன். சாரல் ஓய்ந்து வெயில் ஏறிய நாட்கள். கேள்வித்தாளில் வந்தது பாருங்கள், 'வேகமாக' என்று. ஃபாஸ்ட் என்று மட்டும் எழுதினேன். 'மெதுவாக' வந்தது, லி போட்டேன். அடி வாங்கின இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். தாள் கொடுத்த அன்று முப்பத்தெட்டு மார்க். முப்பத்தைந்து போதும். நான் தேறிவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்டேஷன்வரை ஒரே ஓட்டம். என்னை அன்றைக்கு எந்த டாக்சியும் முந்தியிருக்காது.

அய்யா தாளை வாங்கி, நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். சிவப்பு மையைத் தடவினார். "நீ எழுதுனத நம்பி ஒரு தரம் பட்டாச்சுலே. இதுல என்ன எழுதியிருக்கோ யாரு கண்டா? வாத்தியார் வாயால கேக்கேன்."

"கேளுங்க" என்றேன். எனக்கு என்ன பயம்?

அன்று சாயங்காலமே பார்த்தோம். பரீட்சை லீவுக்குச் சார் ஊருக்குக் கிளம்பி, கையில் டிரங்குப் பெட்டியோடு பஸ் நிற்கிற இடத்தில் நின்றார். பஸ் வருகிறது. அய்யா வண்டியை ஓரங்கட்டினார். ஹாரன் சத்தத்துக்குச் செவலை காதை மடக்கியது. நான் குதித்து அதன் தலைக்கயிற்றைப் பிடித்தேன். அய்யா ரோட்டைக் கடந்து நொண்டி நொண்டிப் போனார்.

"சார்வாள், எம்மவன் இங்கிலீசுல எப்படி? தேறிட்டானா?"

சார் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். கண்டக்டர் அவசரப்படுத்துகிறார். திரும்பி என்னைப் பார்த்தார், சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. "உம்ம பையனா? ஹார்ட்லி பாஸ் ஆயிருக்கான் வேய்!"

விசில் அடித்தது. சார் உள்ளே போய்விட்டார்.

அய்யா திரும்பி வந்தார். முகத்தில் கோபம் இல்லை. களைப்புத்தான். "கேட்டியாலே? ஹார்ட்லியாம்."

"முப்பத்தெட்டுய்யா. முப்பத்தஞ்சுதான் வேணும்."

"வாத்தியாரு பொய்யா சொல்லுதாரு? நீ கேக்கலியா?"

கேட்டேன். நானும்தானே கேட்டேன். இல்லவே இல்லை என்று அர்த்தம் சொன்னவரும் அவர்தான். என் மார்க்கின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதையோ கழித்திருப்பார், இதுவும் ஏதோ விதியாக இருக்கும், அது அப்படித்தான் என்று நின்றேன். மறு நாள் விடிந்ததும் வண்டியில் ஏறினேன். லீவு முடிந்து நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்கள். நான் உங்களில் இரண்டு பேரைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டேன்.

மூன்றாவது வேன் வாங்கின வருஷம், லாட்ஜுக்கு ஒரு குடும்பம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. அந்த வீட்டுக்காரர் சொல்கிறார், "வி ஹார்ட்லி காட் தி டிரெயின்." நான் ஐயோ பாவம் என்று, "ரயில் போயிட்டா சார்? அப்ப எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன். "போகலைங்க, ஓடிப் பிடிச்சுட்டோம். மயிரிழையில கிடைச்சுது, அதத்தான் சொன்னேன்" என்கிறார். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அய்யா அப்போது உயிரோடு இல்லை. சாரும் இல்லை.

சாரைக் குறை சொல்லுகிறேன், அய்யாவைக் குறை சொல்லுகிறேன். ஆனால் தனியாக இருக்கிற நேரத்தில் என் மனசு வேறு ஒரு இடத்தில்தான் போய் நிற்கிறது. அந்த பஸ் நிறையக் கூட்டம். பழைய வண்டி, மேட்டில் ஏற வேண்டும். கரும்புகை விட்டுக்கொண்டு மெள்ள மெள்ளத்தான் நகர்ந்தது. சார் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்குக் கைகூடக் காட்டினார். நான் குதிரையை விட்டுவிட்டு பத்து எட்டு ஓடியிருந்தால் போதும், "சார், தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். குதிரை மிரண்டு எங்காவது ஓடியிருக்கும். ஓடட்டும் என்று விட்டிருக்க வேண்டும். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.